பட்டா கொடுத்துவிட்டுக் குத்தகை கேட்ட கதை

குமரா, செல்வி, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கேட்டவன் குமரன். ஆனால் இதில் செல்விக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அது எங்கே வருகிறது என்று படித்தால் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது குமரன் கேட்டான். "ப்பா, பால் சொசைட்டிக்குன்னு நானும் சதீஷும் ஒரு சாஃப்ட்வேர் எழுதிக்கினு இருக்கோம்ல, அத ஒரே வாட்டியா வித்துடலாமா, வருசா வருசம் சந்தா வாங்கலாமா? நீதான் அந்தக் கம்பெனியில அத்தினி வருசம் இருந்தியே." கையில் சோற்றை வைத்துக்கொண்டே "பாக்கலாம்டா" என்றேன். செல்வி சிரித்தாள். "அப்பாவ எது கேட்டாலும் பாக்கலாம்தான்."

பார்க்கலாம் என்று சொன்னது தட்டிக் கழிக்க இல்லை. இந்தக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாது. இதே கேள்விக்காக இரண்டு பேர் என் கண்ணெதிரில் சண்டை போட்டார்கள். இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. அன்றைக்கு இருந்த அலுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. பார்த்ததை எழுதிவைக்கிறேன், நேரம் கிடைக்கும்போது படியுங்கள். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், நான் ஐ.டி.ஐ.யோடு நின்றவன்.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு டி.வி. ரிப்பேர் பார்த்தேன், கேபிள் இழுத்தேன். வில்லியனூரில் தனசேகர் சார் கம்பெனி ஆரம்பித்தபோது நெட்வொர்க் வயர் இழுக்கப் போனவன் அங்கேயே தங்கிவிட்டேன். அவர் அப்பாவின் உரக்கடைக்கு மேல்மாடிதான் ஆபீஸ். கீழே யூரியா மூட்டை, மேலே கம்ப்யூட்டர். மழைக்காலத்தில் மாடிப்படி ஏறினாலே மூக்கு எரியும். முதல் சில வருடங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

நாங்கள் விற்றது இணைய மன்றம் நடத்துவதற்கான மென்பொருள். உங்களுக்கு வாட்ஸ்அப் குரூப் தெரியும். அதில் நேற்றுப் பேசியது இன்றைக்கு எங்கேயோ போய்விடுகிறது. மன்றத்தில் ஒருவர் ஒரு கேள்வி போட்டால் அதன் கீழேயே மற்றவர்கள் பதில் எழுதுவார்கள். பல வருடம் கழித்து யாரோ வந்து தேடினாலும் அந்தப் பேச்சு அங்கேயே இருக்கும். மன்றத்தை நாங்கள் நடத்தித் தருவதில்லை. மென்பொருளைக் கொடுத்துவிடுவோம். வாங்கியவர் தனக்கென்று ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, அதில் தானே நிறுவி, தானே நடத்திக்கொள்வார். எல்லாம் தமிழிலேயே இருந்ததால் ஊர்ச் சங்கங்கள், வெளிநாட்டில் தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்கள், மொட்டை மாடியில் காய்கறி வளர்ப்பவர்கள் என்று பலரும் வாங்கினார்கள். வாங்கியவர்களுக்குச் சிக்கல் வந்தால் போனில் பேசுகிறவன் நான்.

அந்த வேலையைத் தனசேகர் சார் எப்படிச் செய்யச் சொன்னார் என்று சொல்ல வேண்டும். ஒரு வாடிக்கையாளர் 'வேலை செய்யவில்லை' என்று எழுதினால் உடனே பதில் எழுதக் கூடாது. அவர் எந்தப் பதிப்பு வைத்திருக்கிறாரோ அதே பதிப்பை முதலில் நம் மெஷினில் நிறுவ வேண்டும். அவர் சர்வரில் என்ன என்ன இருக்கிறதோ அதையெல்லாம் இங்கேயும் வைக்க வேண்டும். அவர் எங்கே எங்கே அழுத்தினார் என்று கேட்டு அங்கேயே அழுத்த வேண்டும். அவர் பார்த்த சிக்கலை நம் கண்ணால் பார்த்த பிறகுதான் பதில். எழுதிய பதிலைச் சார் வாங்கி, அந்த வாடிக்கையாளர் குரலிலேயே சத்தமாகப் படித்துப் பார்ப்பார். சில சமயம் படித்துக்கொண்டே என்னைத் திட்டுவார். "இன்னாய்யா இது, எனக்கே கோவம் வருது, அந்த மனுசனுக்கு வராதா?"

போன் என்றால் இன்னும் மோசம். உட்கார்ந்து பேச விடமாட்டார். "உக்காந்து பேசறவன் குரலு உக்காந்தாப்லயே இருக்கும், ஏழுமலை. எழுந்துரு." அவரும் அப்படித்தான். செல்லிப்பட்டில் கரும்பு போடும் குடும்பத்துப் பிள்ளை, பெங்களூரில் பெரிய சம்பளத்தில் இருந்துவிட்டு வந்தவர். ஆனால் யாரோ ஒருவர் பாஸ்வேர்டு மறந்துவிட்டுத் திட்டினால்கூட, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று "சொல்லுங்க ஐயா" என்பார். ஒரு மணி நேரம் நின்றே பேசி எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். குரலில் நிற்பது தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நின்றுகொண்டு பேசும்போது ஒருவரைச் சீக்கிரம் அவமரியாதையாகப் பேச வாய் வருவதில்லை. அது உண்மை.

இனி பட்டா விஷயம். முதன்முதலில் லைசென்ஸ் விற்றபோது மெயிலில் ஒரு நீள நம்பரை மட்டும் அனுப்பினோம். பாகூரிலிருந்து ஒரு விவசாயச் சங்கத் தலைவர் நேராக மாடி ஏறி வந்துவிட்டார். "காசு வாங்கிக்கினு ஒரு நம்பரு குடுத்தா எப்படிப்பா? பேப்பர் எங்க?" சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே கெட்டித் தாளில் பச்சைக் கரை போட்டு ஒரு பத்திரம் அச்சடிக்கச் சொன்னார். வாங்கியவர் பெயர், ஊர், பதிப்பு. கீழே 'இம்மென்பொருள் மேற்கண்டவருக்கு உரியது. கால வரையறை இல்லை' என்று ஒரு வரி. அதற்கும் கீழே உருண்டை சீல், சார் கையெழுத்து. ஆபீசில் விளையாட்டாக அதைப் பட்டா என்றோம். வாங்கியவர்களும் பட்டா என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். லேமினேட் செய்து நிலப் பத்திரத்தோடு பீரோவில் வைத்தவர்கள் உண்டு. பட்டா தபாலில் போனதும் நான் போன் செய்து, "அனுப்பிட்டோம்ங்க, இனிமே அது உங்க வூடு" என்று சொல்ல வேண்டும். அது சார் வைத்த வழக்கம்.

எங்களிடம் நிரல் எழுதிக்கொண்டிருந்த விக்னேஷ் மட்டும் முணுமுணுப்பான். "சார், சட்டப்படி நாம குடுக்கறது பயன்படுத்தற உரிமைதான். சொந்தம்லாம் இல்ல." சார் சொல்வார், "நம்ம ஊர்ல சீல் இருந்தா சொந்தம்தான்டா." நிலத்தையும் உரமூட்டையையும் தவிர வேறு எதையும் விற்றுப் பழகாதவர்கள் நாங்கள். ஒரு தடவை கைமாறினால் பிறகு வாங்கியவன் பாடு என்றுதான் எங்களுக்கு விற்பனை தெரியும். மென்பொருள் அப்படிப்பட்ட சரக்கு இல்லை என்பது போகப் போகத்தான் உறைத்தது.

விற்ற அன்றைக்கு ஒரு நாள் சந்தோஷம். பிறகு வருடக் கணக்காகப் போன். எங்கோ ஒரு சர்வர்காரன் எதையோ புதுசாக மாற்றினால் எங்கள் ஆபீசில் மணி அடிக்கும். எத்தனையோ வருடத்துக்கு முன் வாங்கியவருக்காக விக்னேஷ் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான். அவரிடம் ஒன்றும் கேட்க முடியாது, பட்டா கொடுத்தாகிவிட்டது. புதிதாக வாங்க வருகிறவர்களோ குறைந்துகொண்டே போனார்கள். எல்லோரும் வாட்ஸ்அப்புக்கு ஓடிக்கொண்டிருந்த சமயம். சம்பளம் இரண்டு துண்டாக வர ஆரம்பித்தது, பொங்கலுக்கு முன்னால் பாதி, பொங்கல் முடிந்து பாதி. உங்கள் அம்மா அப்போது ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஒரு நாள் சார் எங்களைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார். "ஒரு வாட்டி காசு வாங்கிக்கினு உசுரு இருக்கறவரைக்கும் வேலை செய்யறோம். இது ஓடாது. இனிமே சந்தா. வருசா வருசம் கட்டறவங்களுக்குப் புதுப் பதிப்பு, திருத்தம், போன் எல்லாம். பழைய பட்டாக்காரங்க பழைய பதிப்பையே வெச்சிக்கட்டும். நாம அதுல கை வெக்க வேணாம், திருத்தமும் கிடையாது."

நான் சந்தோஷப்பட்டேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன். மாதம் பிறந்தால் சம்பளம் என்ற எண்ணமே குளிர்ச்சியாக இருந்தது.

மன்றம் ஓடுவது வாங்கியவரின் சர்வரில். அவர் சந்தா கட்டாமல் விட்டால் நாம் என்ன செய்ய முடியும்? அதற்குத்தான் விக்னேஷ் ஒரு பூட்டு எழுதினான். புதுப் பதிப்பில் மென்பொருள் தினமும் எங்கள் சர்வரோடு ஒரு தடவை பேசிக்கொள்ளும். சந்தா தீர்ந்தால் கொஞ்ச நாள் பொறுக்கும். பிறகு மன்றம் மூடிக்கொள்ளும். முகப்பில் 'சந்தா காலாவதி ஆகிவிட்டது' என்று வரும். அவன் செய்து காட்டியபோது சார் வெறுமனே தலையாட்டினார். எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

பழைய பட்டாக்காரர்களுக்கெல்லாம் போன் செய்து சந்தாவுக்கு மாறச் சொல்ல வேண்டியது என் வேலை. யாருக்கு 'உங்க வூடு' என்று சொன்னேனோ அதே ஆட்களுக்கு. சிங்கப்பூரில் தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர் மறுபேச்சு இல்லாமல் கட்டினார். "பரவாயில்ல தம்பி, நீங்களும் சாப்பிடணும்ல" என்றார். மதுரைக்காரர் ஒருவர் கத்தினார். "ஓட்டல்ல சாப்ட்டுட்டு வந்தவன் வீட்டுக்கே வந்து மறுபடி பில்லு குடுப்பியா நீ?" நின்றுகொண்டே கேட்டுக்கொண்டேன். பெரும்பாலானவர்கள் திட்டவும் இல்லை, கட்டவும் இல்லை. "பாக்கலாம்" என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூர்க்காரர் ஒரு சிக்கல் எழுதினார். மன்றத்துக்குள் போகாமலே, பெயரும் பாஸ்வேர்டும் போடாமலே, உள்ளே ஏற்றி வைத்த ஃபைலை அதன் முகவரி தெரிந்தால் வெளியிலிருந்து திறக்க முடிகிறது என்று. வழக்கப்படி அதே பதிப்பை என் மெஷினில் நிறுவினேன். உறுப்பினர் மட்டும் பார்க்கும் அறையில் ஒரு படத்தை ஏற்றினேன். வெளியே வந்து முகவரியைத் தட்டினேன். திறந்தது. முகவரியின் கடைசி எண்ணை ஒன்று கூட்டித் தட்டினேன். அடுத்த ஃபைலும் திறந்தது. விக்னேஷைக் கூப்பிட்டேன். அவன் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "ண்ணா, இது முதல் பதிப்புலேந்தே இப்படித்தான் இருந்திருக்கு."

புதுப் பதிப்புக்கு அன்றைக்கே திருத்தம் எழுதிவிட்டான். பழையதற்குத் தனியாக எழுத வேண்டும். சார் யோசித்தார். "திருத்தம் சந்தாவுக்குத்தான்னு சொல்லிட்டோம். சொன்ன மாசமே மாத்தினா எவன் கட்டுவான்? பழையவங்களுக்குப் போன் போடு. பாதுகாப்புக்கு ஒரு திருத்தம் இருக்குது, சந்தாவுல சேர்ந்தா கிடைக்கும்னு சொல்லு. ஓட்டை எங்கன்னு ஊரெல்லாம் சொல்லிடாத, திருடனுக்கு வழி காட்டினாப்ல ஆயிடும்."

வரிசையில் அடுத்த பெயர் ஸ்டெல்லா டீச்சர்.

டீச்சருக்குப் பாகூர்ப் பக்கம் குருவிநத்தம். ஓய்வு பெற்ற ஆசிரியை. அவர் மகள் மெர்லினுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. எங்கே போனாலும் அதை ஒளித்து ஒளித்து வைத்துப் பார்த்துக் களைத்துப்போய், வலிப்பு வரும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பேசிக்கொள்வதற்கென்றே ஒரு மன்றம் ஆரம்பித்திருந்தார். உள்ளே யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. மல்லிகை அம்மா, கடலூர் அப்பா, குட்டிப்பாப்பா சித்தி என்று இருப்பார்கள். எந்த மாத்திரைக்குத் தூக்கம் வருகிறது, பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிவைப்பது, விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவார்கள். டாக்டர் சீட்டையும் மூளை ஸ்கேன் ரிப்போர்ட்டையும் உள்ளே ஏற்றி, மற்றவர்களைப் பார்க்கச் சொல்வார்கள். அந்தச் சீட்டுகளில் மட்டும் சொந்தப் பெயர் இருக்கும்.

எழுந்து நின்றுதான் பேசினேன். திருத்தம் என்றேன், சந்தா என்றேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "எது தொறந்திருக்குது?" சொல்லக் கூடாது என்பது உத்தரவு. "ஃபைலுங்க சம்பந்தமா, டீச்சர்" என்று மட்டும் சொன்னேன். பிறகு, "நாளைக்குக் காலையில சார் இருப்பாரா?" என்றார்.

மறுநாள் இருவரும் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். டீச்சர் முன்னால், மெர்லின் பின்னால். முப்பது வயது இருக்கும் அவளுக்கு. படி ஏறும்போது டீச்சர் கையைப் பின்னால் நீட்டியபடியே ஏறினார். மெர்லின் அந்தக் கையைப் பிடிக்காமல், "நான் வரேம்மா, நீ முன்னாடி பாத்து ஏறு, நீதான் வுழுவ" என்றாள். டீச்சர் துணிப்பையிலிருந்து பட்டாவை எடுத்து மேசைமேல் வைத்தார். லேமினேட் செய்தது. பச்சைக் கரை கொஞ்சம் வெளுத்திருந்தது.

"இது உங்க கையெழுத்துதான, சார்?"

"ஆமாங்க டீச்சர்." சார் எழுந்துவிட்டார்.

"கால வரையறை இல்லன்னு போட்ருக்கீங்க. எனக்கு இங்கிலீசு லைசென்சுலாம் புரியாது, இது புரியுது. பட்டா குடுத்துட்டு இப்ப குத்தகை கேக்கறீங்களே, இது இன்னா நியாயம்?"

"குத்தகை இல்லீங்க. உங்க மன்றம் உங்களுதுதான். நாங்க செய்யற வேலைக்குக் கேக்கறோம். ஓடு மாத்தணும்னா ஆளுக்குக் கூலி குடுக்க மாட்டீங்களா?"

"ஓடு நான் ஒடச்சிருந்தா குடுப்பேன். நீங்க வித்தப்பவே பின்கதவு இல்லாம வித்துருக்கீங்க."

விக்னேஷ் குறுக்கே வந்தான். "டீச்சர், சர்வருக்கு வருசா வருசம் கட்டறீங்கதான? அவன்மேல கோவம் வரலியே."

"அவன் வாடகைன்னு சொல்லியே குடுத்தாம்பா. பட்டா குடுக்கல. அவன் சரியில்லன்னா மூட்டை கட்டிக்கினு வேற ஒருத்தன்கிட்ட போயிடுவேன். நீ வெச்சிருக்கிறியே பூட்டு, அது எங்க போனாலும் கூடவே வருமே. உங்க ஏழுமலை சார்தான் போன வாட்டி போன்ல சொன்னாரு, புதுப் பதிப்புக்கு மாறினப்புறம் கட்டலன்னா முகப்புல நோட்டீஸ் வரும்னு. ஜப்தி பண்ண வூட்டுல ஒட்டுவாங்களே, அது மாதிரி."

"அதிகமா ஒண்ணும் இல்லீங்க டீச்சர்," என்றார் சார். "கட்ட முடியலன்னா சொல்லுங்க, உங்களுக்குக் கொறச்சி..."

டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்குப் பென்ஷன் வருது. இன்னிக்கே கட்டிடுவேன். எனக்கு அப்புறம் யாரு கட்டுவா? இவளா? இவளுக்கு மாத்திரை வாங்கவே ஒருத்தர் கூட வேணும். நான் போன மறு வருசம் உங்க பூட்டு வுழும். கடலூர்ல ஒரு அம்மா ராத்திரி புள்ள வுழுந்துட்டான்னு ஓடிவந்து தொறந்து பாப்பா. 'சந்தா காலாவதி'ன்னு இருக்கும். நான் அத ஒரு வாட்டி காசு குடுத்து வாங்கினதே, நான் இல்லாதப்பவும் இருக்கணும்னுதான் சார்."

எங்கள் யாருக்கும் அந்தக் கணக்கு தோன்றியிருக்கவில்லை. சந்தா என்றால் கட்டுகிறவர் உயிரோடு இருப்பார் என்று வைத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் போட்டிருந்தோம்.

சார் தப்பித்துக்கொள்ள ஒரு வழி தேடினார் என்று நினைக்கிறேன். "ஓட்டை அவ்ளோ சுளுவா யார் கண்ணுலயும் படாதுங்க" என்றார்.

டீச்சர் மகளைப் பார்த்தார். மெர்லின் தலையாட்டினாள். "ஃபைலுன்னு இவரு சொன்னதும் ராத்திரி வெளியேந்து தட்டிப் பாத்தோம், தொறந்துச்சு. உங்க கம்ப்யூட்டர்லயே பாக்கலாமா, சார்? என் பொண்ணோட சீட்டையே வெச்சிப் பாருங்க. அடுத்தவங்களுத தொறக்க வேணாம்." கைப்பேசியில் இருந்த முகவரியை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். சார்தான் தட்டினார். மன்றத்துக்குள் போகவில்லை, பெயர் கொடுக்கவில்லை. திரை முழுக்க டாக்டர் சீட்டு வந்து நின்றது. மெர்லினின் முழுப்பெயர், வயது, ஊர், வலிப்பு எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்று எல்லாம்.

சார் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார். யாரும் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று கை தானாகச் செய்தது.

"பயப்படாதீங்க சார்," என்றாள் மெர்லின். "டாக்டரு கையெழுத்து யாருக்கும் புரியாது."

விக்னேஷ் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டான். டீச்சர் சிரிக்கவில்லை. "என் பொண்ணுத பாத்தா பரவால்ல, ஊருக்கே தெரியும். உள்ள ஒரு பொண்ணு இருக்குது. தை மாசம் கல்யாணம். மாப்ளைக்கு எல்லாம் சொல்லிட்டாங்க, அந்தப் பையன் சரின்னுட்டான். பையனோட அம்மாவுக்குத் தெரியாது. இந்த நம்பர்ல ஒண்ணக் கூட்டி ஒண்ணக் கொறச்சித் தட்டினா அந்தப் பொண்ணோட சீட்டு வரும். நான் தட்டிப் பாக்கல. பாத்துருவேனோன்னு பயமா இருந்துச்சு."

சார் ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பி என்னைக் கேட்டார். "ஏழுமலை, நீ இன்னா சொல்ற?"

என்னை எதற்குக் கேட்டார் என்று தெரியவில்லை. இத்தனை வருடத்தில் விலை விஷயத்தில் என்னைக் கேட்டதே இல்லை. செல்வி, அப்போது நீ பிளஸ் டூ முடித்திருந்தாய். பாதிச் சம்பளத்தில் உன்னை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பதுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் இரண்டையும் சொன்னேன். "சார், எனக்கு மாசாமாசம் சம்பளம் வேணும். சந்தா இல்லாம அது வராது. அது தெரியுது. ஆனா அந்தக் கதவுல நோட்டீஸ் ஒட்டற வேலைய என்னால செய்ய முடியாது."

"ரெண்டும் வேணும்ங்கறியா?"

"ஆமா சார்."

"எனக்கும்தான்யா வேணும்," என்றார். குரல் மிகவும் களைத்திருந்தது. பிறகு டீச்சரிடம் வந்து நின்றார். "ஓட்டைய அடைக்கறது எங்க பொறுப்பு. பட்டாக்காரங்க எல்லாருக்கும் அடைச்சிக் குடுக்கறோம். இனிமே ஓட்டை வந்தாலும் அப்படித்தான். சந்தா இருக்கும், புது வசதிக்கும் போன்ல பேசறதுக்கும். பூட்டு இருக்காது."

"சார், பூட்டு இல்லன்னா எவன் கட்டுவான்?" விக்னேஷ் கிட்டத்தட்டக் கத்திவிட்டான்.

"கட்டறவன் கட்டுவான்."

"அத்தினி பேரு கட்ட மாட்டாங்க சார்."

"தெரியும்டா."

டீச்சர் பட்டாவை எடுத்துப் பையில் வைத்தார். "அப்ப புது வசதிக்கு எவ்ளோன்னு சொல்லுங்க, நான் இருக்கறவரைக்கும் கட்டறேன்," என்று மட்டும் கேட்டார். கட்டவும் செய்தார், கடைசி வருடம்வரை.

விக்னேஷ் சொன்னது அப்படியே நடந்தது. பூட்டு இல்லை என்று தெரிந்ததும் பலர் கட்டவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஓடுகிற வண்டிக்கு யார் காசு கட்டுவார்கள்? பழைய பதிப்புகளுக்கெல்லாம் தனித்தனியாகத் திருத்தம் எழுதி எழுதி விக்னேஷ் சலித்துப்போய்ச் சென்னைக்குப் போய்விட்டான். நல்ல பிள்ளை, நல்ல சம்பளம் கிடைத்தது. எனக்கு மறுபடியும் துண்டுச் சம்பளம். செல்வி, உனக்குக் கிடைத்த எஞ்சினியரிங் சீட்டை விட்டுவிட்டு அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேரச் சொன்னது அந்த வருடம்தான். கொஞ்ச நாள் நீ என்னோடு பேசவில்லை. உன்னிடம் நான் 'கம்பெனி சரியில்லை' என்று மட்டும் சொன்னேன். கம்பெனியில் நடந்தது இதுதான்.

கம்பெனி செத்தும் போகவில்லை, வளரவும் இல்லை. போன வருடம் சார் மூடும் முடிவுக்கு வந்தபோது, பட்டா வைத்திருந்த எல்லோருக்கும் மூல நிரலையே கொடுத்துவிட்டார், இனி யாரை வைத்து வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளட்டும் என்று. இப்போது செல்லிப்பட்டில் கரும்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன் செய்தால் இப்போதும் எழுந்து நிற்பார் என்றுதான் நினைக்கிறேன். டீச்சர் காலமாகிவிட்டார். மன்றம் நடக்கிறது. மெர்லின்தான் நடத்துகிறாள். திருத்தம் போட உறுப்பினர் ஒருவரின் தம்பி உதவி செய்கிறானாம். அவனும் எத்தனை நாளைக்குச் செய்வான் என்று தெரியாது. அப்படி ஓர் ஆள் எப்போதும் வேண்டியிருக்கிறது. அந்த ஆளுக்கான கூலியை எந்த விலைக்குள் வைப்பது என்பதற்கு எங்கள் கம்பெனி கடைசிவரை விடை கண்டுபிடிக்கவில்லை.

குமரா, அதனால்தான் உனக்கு 'பாக்கலாம்' என்றேன். சந்தா என்றால் முதல் நாளே சந்தா என்று சொல்லிவிடு. ஒரே தடவை என்றால், அடுத்தடுத்த வருட வேலைக்கு யார் சோறு போடுவார்கள் என்று சதீஷோடு உட்கார்ந்து பேசு. கட்டாதவர்களை என்ன செய்வாய் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடு, பிறகு பேசினால் எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

டீச்சர் வந்துபோன அன்றைக்கே விக்னேஷ் பழைய பதிப்புக்கான திருத்தத்தை எழுதி முடித்தான். கோபத்தோடுதான் எழுதினான், ஆனால் சுத்தமாக எழுதினான். டீச்சர் போனில் அனுமதி கொடுத்ததும் அவர் சர்வரில் நானே போட்டேன். என் மெஷினில் முதலில் போட்டுப் பார்த்து, பிறகு அங்கே. முடித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது, மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். சார் கீழே உரக்கடையில் அவர் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஆபீஸ் மெஷினில் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அங்கே முன்பு திறந்து பார்த்ததன் மிச்சம் ஏதாவது இருந்துவிடும். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோய், பூக்கடைக்குப் பக்கத்தில் ஓரமாக நின்று, என் சொந்தப் போனை எடுத்தேன். மெர்லின் சீட்டின் முகவரியை மெதுவாகத் தட்டினேன். வட்டம் சுற்றியது. வெள்ளைத் திரையில் 'இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. நம்பாமல் இன்னொரு தடவை தட்டினேன். அனுமதி இல்லை. கடைசி எண்ணைக் கூட்டிப் பார்க்க விரல் போனது. கூட்டவில்லை. தட்டிய முகவரியைப் போனிலிருந்து அழித்துவிட்டு, பாகூர் பஸ் ஒன்று போகும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.